2 கி.மீ. ஆறு, பின்னால் ஏரி, முன்னால் ஃபியோர்டு: எயோவை எப்படி விளக்குவது?

நீரோட்டம் (கேள்வி):

வணக்கம். மேற்கு நார்வேயில், ஹார்டாங்கர் ஃபியோர்டின் (பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்த நீண்ட கை) உள்கோடியில் எய்ட்ஃபியோர்டு என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் ஓரமாக ஓடிக் கடலில் சேரும் எயோ ஆற்றைப் பற்றித் தமிழில் ஒரு புவியியல் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆற்றின் நீளம் 2 கி.மீ. அளவுதான். எய்ட்ஃபியோர்டுவாட்நெட் ஏரியில் தொடங்கி ஃபியோர்டில் முடிந்துவிடுகிறது. நான்கு இடங்களில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

கடலுக்கு இவ்வளவு அருகில் ஒரு நன்னீர் ஏரி எப்படி வந்தது? ஃபியோர்டின் தொடர்ச்சி போலவே இருக்கும் பள்ளத்தில் இடையில் மட்டும் நிலம் ஏன்?

ஏரிக்கு மேலே ஹார்டாங்கர்வித்தா பீடபூமி வரை நீர்ப்பிடிப்புப் பகுதி விரிந்து கிடக்கிறது. பரப்பளவை வைத்து நீரளவைக் கணக்கிட்டால் சரியாக வருமா?

ஆற்றின் நெடுவெட்டுப் படம் (ஆறு நெடுகிலும் உயரம் எப்படிக் குறைகிறது என்று காட்டும் படம்) வரைந்து பார்த்தேன். தட்டையான ஒரே கோடாக வருகிறது. ஆனால் படங்களில் ஆறு நுரைத்துக்கொண்டு ஓடுகிறது.

கடைசியாக, ஆறு ஃபியோர்டில் கலக்கும் இடத்தைப் பற்றி என்னென்ன சொல்ல வேண்டும்? "கழிமுகம்" என்று எழுதினால் போதுமா?

---

கூழாங்கல்:

முதல் கேள்விக்கான விடை ஊரின் பெயரிலேயே இருக்கிறது. பழைய நோர்ஸ் மொழியில் "எய்ட்" என்றால் இரண்டு நீர்நிலைகளுக்கு நடுவில் கிடக்கும் நிலத்துண்டு, பூசந்தி. படகை விட்டு இறங்கி நடக்க வேண்டிய இடம். இங்கே அந்தப் பூசந்தி பாறையால் ஆனது அல்ல. சரளையும் மணலும் குவிந்த மேடு. எயோவைப் புரிந்துகொள்ள ஆற்றைவிட முதலில் இந்த மேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஊருக்கும் ஏரிக்கும் நடுவே ஹேரெய்ட் என்ற தட்டையான படிமேடை இருக்கிறது. உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீ. உயரம். மேலே மேசை போலச் சமதளம், ஓரங்கள் சரேலென்று இறங்குகின்றன. இவ்வளவு தட்டையான பரப்பை மலைச்சரிவு உண்டாக்காது. ஒரு காலத்துக் கடல்மட்டத்தை ஒட்டி நீர் பரப்பிவிட்ட கழிமுகத்தின் (டெல்டா) மேற்பரப்பு அது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன், பெரும் பனிப்படலம் பின்வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், பனியின் நுனி இந்த இடத்தில் கொஞ்சக் காலம் நின்றது. பனிக்கு அடியிலிருந்து பீறிட்ட உருகுநீர், கொண்டுவந்த சரளையையும் மணலையும் அப்போதைய ஃபியோர்டில் கொட்டியது. கடல்மட்டம் வரை நிரம்பிய பிறகு படிவு மேலே வளர முடியாது, முன்னோக்கித்தான் வளரும். தட்டையான உச்சி அப்படி வந்தது.

அப்படியென்றால் அந்தச் சரளை ஏன் இன்றைய ஏரிப் பள்ளத்தை நிரப்பவில்லை? ஏரி இருக்கும் இடத்தில் அப்போது பனி உட்கார்ந்திருந்தது. இதைவிட நேரான விளக்கம் கிடையாது. பள்ளம் காலியாக இருந்திருந்தால் மேலிருந்து வந்த சுமை முதலில் அங்கேதான் இறங்கியிருக்கும். பனி பிறகு பின்வாங்கியதும் பள்ளம் காலியாகவும், அதன் வாயில் சரளை அணை நிறைவாகவும் மிஞ்சின.

அடுத்தது நிலம் உயர்ந்தது. பனியின் பாரத்தில் அழுந்திக் கிடந்த நிலம், பாரம் இறங்கியதும் மேலெழுந்தது. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். நிலம் எழ எழ, ஏரியிலிருந்து வெளியேறிய நீர் சரளை மேட்டை அறுத்துக்கொண்டே இறங்கியது. அந்த அறுப்புதான் எயோ. அறுப்பின் அடித்தளம் கடல்மட்டத்துக்கு மேலே வந்த பிறகு உப்புநீர் உள்ளே வர வழியில்லாமல் போய், ஃபியோர்டின் கை ஒன்று நன்னீர் ஏரியானது. இன்று ஏரியின் மட்டம் சுமார் 19 மீ.

இரண்டு தவறுகள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். "மொரைன் தடுத்த ஏரி" என்று எழுத வேண்டாம். மொரைன் என்பது பனி நேரடியாகப் போட்டுவிட்டுப் போன கலவை. களிமண், கல், பாறாங்கல் எல்லாம் பிரிக்கப்படாமல் கிடக்கும். ஹேரெய்டில் இருப்பது நீர் பிரித்து அடுக்கிய சரளையும் மணலும். நார்வே புவியியல் ஆய்வகத்தின் தளர்படிவு வரைபடத்தில் (பாறைக்கு மேல் கிடக்கும் மண், மணல், சரளை வகைகளைக் காட்டும் படம்) மொரைன் பச்சை, பனியாற்று நீர்ப்படிவு ஆரஞ்சு, இன்றைய ஆற்றுப்படிவு மஞ்சள், கடல்படிவு நீலம். வண்ணத்தைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். இரண்டாவது தவறு, பள்ளத்தையும் ஆறே வெட்டியது என்று எழுதுவது. யு வடிவப் பெரும் பள்ளத்தைக் குடைந்தது பனியாறு. எயோ வெட்டியது அதற்குள் கிடந்த சரளையை மட்டும். ஏரியின் ஆழ வரைபடம் கையில் கிடைத்தால் பாருங்கள்: ஆழம் 19 மீ.க்கு மேல் இருக்கும் இடமெல்லாம் கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள தரை. ஓடும் ஆறு கடல்மட்டத்துக்குக் கீழே அந்த அளவு தோண்டாது, பனி தோண்டும்.

இன்னொன்றையும் குறிப்பில் சேர்க்கலாம். அந்தப் படிமேடையின் மேல் கி.பி. 400 முதல் 1000 வரையிலான காலத்தைச் சேர்ந்த சுமார் 350 புதைமேடுகள் இருக்கின்றன. செங்குத்துப் பாறைகள் சூழ்ந்த இடத்தில் சமதளமாகவும், சரளை என்பதால் நீர் தேங்காமலும், வெள்ளம் எட்டாத உயரத்திலும் இருந்த நிலம் அது. நில அமைப்பு மனிதர் வாழ்வில் எப்படிப் பதிகிறது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டாம்.

---

மதகு:

நீரளவுக் கேள்விக்கு வருகிறேன். பரப்பளவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் எயோவுக்குத் தவறான விடைதான் வரும். காரணம் சுரங்கங்கள்.

ஏரிக்கு இரண்டு பெரிய வரத்துகள். ஒன்று பியோரெயோ: பீடபூமியிலிருந்து வந்து வோரிங்ஸ்ஃபோசன் அருவியாக 182 மீ. விழுந்து, மோபோடாலன் பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிறது. மற்றொன்று வெய்க்: வாலுர்ஸ்ஃபோசன் அருவி உள்ள ஹ்யோல்மோடாலன் பள்ளத்தாக்கு வழியாக வருகிறது. இரண்டும் ஏரியின் தலைமாட்டில், ஓவ்ரே எய்ட்ஃபியோர்டு சமவெளியில் சேர்கின்றன. வெய்க் இன்னும் இயல்பாக ஓடும் ஆறு. பியோரெயோ அப்படியில்லை. அதன் மேற்பகுதி நீர், முழுக்கொள்ளளவில் 940 மீ. மட்டத்தில் நிற்கும் சிசென் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து சுரங்கம் வழியாகப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள சிமா மின்நிலையத்துக்குப் போய்விடுகிறது. 1980 வாக்கில் செயலுக்கு வந்த இந்த நிலையத்தின் திறன் 1,120 மெகாவாட். டர்பைனைச் சுழற்றிய நீர் சிமாடால்ஸ்ஃபியோர்டில் இறங்குகிறது. அதாவது வரைபடத்தின்படி எயோவுக்குச் சேர வேண்டிய நீரில் ஒரு பெரும்பங்கு எயோவைத் தொடாமலேயே வேறொரு ஃபியோர்டு கைக்குப் போகிறது.

நார்வே நீர்வள, எரிசக்தி இயக்ககத்தின் நெவினா என்ற இணையக் கருவியில் ஆற்றின் வாயைச் சொடுக்கினால் நீர்ப்பிடிப்பு எல்லை, பரப்பளவு, உயரப் பரவல், ஏரிகளின் விழுக்காடு, சதுர கி.மீ.க்கு விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பதெல்லாம் வரும். கணக்கு எளிது: பரப்பளவை அந்த லிட்டர் எண்ணால் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் விநாடிக்குக் கன மீட்டர். 100 ச.கி.மீ. பரப்பும் 40 லிட்டரும் என்றால் 4 கன மீட்டர். ஆனால் அது இயற்கை நிலைக்கான மதிப்பீடு. அணையும் சுரங்கமும் அதற்குத் தெரியாது. எனவே இப்படிச் செய்யுங்கள்: எயோவின் வாயில் ஒரு முறை, சிசென் அணை நிற்கும் இடத்தில் ஒரு முறை என இரண்டு தடவை கணக்கிட்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். பிறகு அந்த இயக்ககத்தின் வரைபடத் தளத்தில் நீர்மின் அடுக்கைத் திறந்து, வழியில் சிற்றோடைகளின் நீரைச் சுரங்கத்தில் இழுத்துக்கொள்ளும் நுழைவாய்களையும் தேடுங்கள். அணையை மட்டும் பார்த்து இவற்றை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. அந்த ஓடைகளின் பரப்பையும் கழித்தால்தான் எஞ்சிய நீர்ப்பிடிப்பு கிடைக்கும்.

இதோடு விதிப்படி திறந்துவிடும் நீரைக் கூட்ட வேண்டும். வோரிங்ஸ்ஃபோசனில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை விநாடிக்குக் குறைந்தது 12 கன மீட்டர் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு நாளைக்கு 10,36,800 கன மீட்டர். 107 நாளுக்கு ஏறத்தாழ 11 கோடி கன மீட்டர். ஆகவே கோடையில் எடுத்த படத்தை ஆண்டு முழுவதற்குமான சான்றாக வைக்காதீர்கள். செப்டம்பர் 15க்குப் பிறகு அருவி மெலிந்துவிடும். மழை பெய்தால், அணைக்குக் கீழே உள்ள பகுதியின் நீர் மட்டும் வரும்.

மாதவாரியாகக் கோடு வரைவதானால் ஆற்றின் நீரளவைப் பதிவு செய்யும் அளவுநிலையத்தின் தரவைப் பயன்படுத்துங்கள். 1980க்கு முந்தைய ஆண்டுகளையும் பிந்தைய ஆண்டுகளையும் ஒரே சராசரியில் கலக்க வேண்டாம். பனி உருகும் மே, ஜூன் மாத உச்சம் இரண்டு காலத்திலும் ஒரே உயரத்தில் இருக்காது. கலந்துவிட்டால் எந்தக் காலத்திலும் ஓடியிராத ஓர் ஆறு உங்கள் படத்தில் ஓடும்.

---

சமஉயரக்கோடு:

நெடுவெட்டு ஏன் தட்டையாக வந்தது என்பது எளிதாகப் பிடிபடும் விஷயம். 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 20 மீ. இடைவெளியில்தான் இருக்கின்றன. ஏரியின் மட்டமே 19. எனவே முதல் கோடுகூட எயோவைக் குறுக்கே வெட்டுவதில்லை. ஆற்றருகே 20 மீ. கோடு தெரிந்தால் அது கரைமேட்டின் கோடு, ஆற்றின் கோடு அல்ல. அந்தத் தரவிலிருந்து நெடுவெட்டு எடுத்தால், மென்பொருள் 19க்கும் 0க்கும் நடுவே தானாக ஒரு நேர்கோட்டை இழுத்துவிடும்.

நார்வே நிலவரைபட ஆணையத்தின் ஹொய்டெடாட்டா தளத்தில் லேசர் அளவீட்டிலிருந்து செய்த 1 மீ. உயரப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தரைமாதிரி, மேற்பரப்பு மாதிரி என இரண்டு உண்டு. தரைமாதிரியை எடுங்கள், மேற்பரப்பு மாதிரியில் பாலமும் மரங்களும் சேர்ந்து நெடுவெட்டில் கூம்பு கூம்பாக நிற்கும். ஆற்றின் நடுக்கோட்டைக் கையால் வரையுங்கள், ஏரியின் வாயிலிருந்து ஃபியோர்டு வரை. 25 மீ.க்கு ஒரு புள்ளி வைத்தால் சுமார் 80 புள்ளிகள். ஒவ்வொன்றின் உயரத்தையும் எடுத்து அட்டவணையாக்குங்கள்.

இப்போது ஒரு சோதனை: கீழ்நோக்கிப் போகப் போக நீர்மட்டம் எங்கேயும் ஏறக் கூடாது. ஏறினால் அந்தப் புள்ளி கரையிலோ பாறாங்கல்லிலோ விழுந்திருக்கிறது என்று பொருள். நடுக்கோட்டை அங்கே நகர்த்தித் திருத்துங்கள். முடியாவிட்டால் மேற்புள்ளியின் மதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். லேசர் பதிவு செய்வது ஆற்றின் அடித்தளத்தை அல்ல, அளந்த நாளின் நீர்ப்பரப்பை. படத்தின் கீழே அந்த நாளைக் குறித்துவிடுங்கள். செங்குத்து அளவுகோலை 10 மடங்கு பெரிதாக்கினால் போதும், அதற்கு மேல் போனால் சிற்றாறு அருவி போலத் தோன்றும்.

சராசரி வாட்டம் (சரிவு) 2,000 மீ.க்கு 19 மீ., அதாவது 100 மீ.க்கு ஏறத்தாழ 1 மீ. சமவெளி ஆற்றுக்கு இது மிகப் பெரிய வாட்டம், அதனால்தான் நுரை. உருண்டைக் கற்களும் பாறாங்கற்களும் நிறைந்த படுகை இந்த வாட்டத்துக்குப் பொருத்தமானதே. மெல்லிய மணல் இங்கே தங்காது.

ஃபியோர்டின் ஆழத்தையும் அதே படத்தில் சேர்ப்பதானால் கவனம் தேவை. நிலத்து உயரம் என்என்2000 என்ற நார்வேயின் உயர அளவைக்கான அடிமட்டத்திலிருந்து, கடற்படத்து ஆழம் கடற்படச் சுழியத்திலிருந்து எண்ணப்படுகிறது. பின்னது மிகத் தாழ்ந்த ஓதத்தை (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஒட்டியது. இரண்டுக்கும் நடுவே சுமார் 1 மீ. வேறுபாடு வரும். 500 மீ. ஆழத்தைக் காட்டும் படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆற்றின் வாயில் கடைசி 200 மீ.யைப் பெரிதாக்கிக் காட்டும் படத்தில் அது கரையையே இடம் மாற்றிவிடும்.

---

நீரோட்டம்:

மூவருக்கும் மிக்க நன்றி. 20 மீ. கோடு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கூழாங்கல் ஐயாவிடம் இன்னொரு கேள்வி. ஊர் நிற்கும் தாழ்ந்த சமதளம் இன்றைய எயோ கொண்டுவந்து சேர்த்த வண்டல் என்று எழுதலாமா? தளர்படிவு வரைபடத்தில் அங்கே மஞ்சள்தான் தெரிகிறது.

---

கூழாங்கல்:

"ஆற்றுப்படிவு" என்று எழுதலாம். "பீடபூமியிலிருந்து வந்த வண்டல்" என்று எழுத வேண்டாம். மலையிலிருந்து பியோரெயோவும் வெய்க்கும் கொண்டுவரும் சரளையும் மணலும் ஏரியின் மேல்கோடியில், ஓவ்ரே எய்ட்ஃபியோர்டிலேயே நின்றுவிடுகின்றன. அங்கே ஒரு கழிமுகம் ஏரிக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது. நுண்துகளிலும் பெரும்பகுதி ஏரியில் அமிழ்ந்துவிடும். எயோவுக்கு ஏரி தருவது கிட்டத்தட்டச் சுமையில்லாத நீர். அப்படியானால் ஊரின் சமதளத்துக்குக் கல் எங்கிருந்து வந்தது? எயோ அறுத்த அந்தப் பழைய படிமேடையிலிருந்து. மேலே 100 மீ.யில் இருந்த சரளை, கடல்மட்டம் தாழத் தாழ, ஆற்றால் எடுக்கப்பட்டுக் கீழே புதிதாக விரிக்கப்பட்டது. மேட்டுச் சரிவுகளில் இடைப்பட்ட உயரங்களில் குறுகிய படிகள் தெரிந்தால் அவற்றையும் வரையுங்கள். ஆறு கொஞ்சக் காலம் ஓடிவிட்டுக் கைவிட்ட பழைய தளங்கள் அவை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியவரும். சுமை குறைந்த ஆறு தன் படுகையிலிருந்தே எடுக்கப் பார்க்கும். சிறிய கற்கள் போய்விட, பெரிய கற்கள் மட்டும் மிஞ்சி படுகைக்குக் கவசம் போல ஆகிவிடும். சால்மனும் கடல் ட்ரவுட்டும் ஃபியோர்டிலிருந்து எயோ வழியாக ஏறி, ஏரியைக் கடந்து மேல் ஆறுகளுக்கும் போகின்றன. முட்டையிட அவற்றுக்குக் கைப்பிடியளவுக் கூழாங்கல் வேண்டும். கவசம் இறுகிய இடத்தில் மீனால் குழி பறிக்க முடியாது. ஆகவே குறிப்பில் மீன்களைப் பற்றிச் சொல்லும்போது "தூய நீர்" என்று மட்டும் எழுதாமல் கல்லின் அளவையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமானால் பக்கத்துச் சிமா பள்ளத்தாக்கை எடுங்கள். அங்கே ஃபியோர்டுக்கு முன்னால் வெள்ளத்தை வாங்கி நிறுத்த இப்படிப்பட்ட ஏரி கிடையாது. மேலே பனியாறு தடுத்து நின்ற டெம்மெவாட்நெட் ஏரி 1893இலும் 1937இலும் உடைத்துக்கொண்டபோது வெள்ளம் பள்ளத்தாக்கு முழுவதும் பாய்ந்தது. எயோவின் வெள்ளம் எப்போதும் ஏரியில் விரிந்து, உச்சம் தணிந்து, தாமதமாகத்தான் ஊரை எட்டும்.

---

உவர்நீர்:

ஆற்றின் வாயைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. "கழிமுகம்" என்ற சொல் தவறில்லை, ஆனால் படிக்கிறவர் மனத்தில் கிளை கிளையாய் விரிந்த சேற்றுச் சமவெளி தோன்றும். ஃபியோர்டுத் தலையில் இருப்பது வேறு வகை. மேலே கொஞ்சம் தட்டை. விளிம்பைத் தாண்டியதும் சரளைச் சரிவு செங்குத்தாக ஆழத்துக்கு இறங்கும். பருமனான சரளையில் அந்தச் சரிவு 25 முதல் 30 பாகை வரை நிற்கும். கரையிலிருந்து சில பத்து மீட்டர் போனாலே அடி தெரியாது. இப்படிப்பட்ட விளிம்பின் மேல் மண் கொட்டித் துறை கட்டினால் பாரம் தாங்காமல் சரிவு நீருக்கடியில் வழுக்கிவிட வாய்ப்புண்டு. ஊர்களுக்கு வேறு சமதளம் இல்லாததால் கட்டடங்களும் அங்கேயே வந்து நெருங்குகின்றன.

ஓதம் எவ்வளவு தூரம் ஏறும் என்பதை வாட்டத்திலிருந்தே சொல்லிவிடலாம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஏறத்தாழ 1 மீ., வாட்டம் 100 மீ.க்கு 1 மீ. எனில் ஓதத்தின் கை சுமார் 100 மீ.தான் நீளும். கடைசிப் பகுதி சற்றுத் தட்டையாக இருந்தால் கொஞ்சம் கூடும். நெடுவெட்டைத் திருத்தி வரைந்த பிறகு அதிலிருந்தே படித்துக்கொள்ளுங்கள்.

ஃபியோர்டுக்குள் நுழைந்ததும் ஆற்றுநீர் கடல்நீரோடு உடனே கலந்துவிடாது. நன்னீர் இலேசானது, மேலே மிதக்கும். கோடையில் சில மீட்டர் தடிப்புள்ள உவர்நீர்ப் படலமாக வெளிநோக்கிப் போகும். போகும் வழியில் கீழிருந்து உப்புநீரைச் சிறிது சிறிதாக இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். இழந்த உப்புநீரை ஈடுகட்ட, படலத்துக்குக் கீழே கடல்நீர் உள்நோக்கி வரும். மேலே வெளியே, கீழே உள்ளே. வட அரைக்கோளத்தில் புவிச்சுழற்சியின் தாக்கத்தால் வெளியே போகும் படலம் தன் வலக்கரையை ஒட்டும். காற்று பலமாக உள்நோக்கி அடிக்கும் நாளில் இந்த ஒழுங்கு கலைந்துவிடும்.

அளந்தவர்களின் தரவைப் படிக்கும்போது, மாதிரி எடுத்த ஆழங்களை முதலில் பாருங்கள். 0, 1, 2, 3, 5, 10 மீ. என்று மேலே நெருக்கமாக எடுத்திருந்தால்தான் படலம் தெரியும். 0, 10, 20 என்று எடுத்திருந்தால் எல்லை 3 மீ.யில் இருந்ததா 8 மீ.யில் இருந்ததா என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட அட்டவணையை வைத்துத் தடிப்பை எழுத வேண்டாம்.

மதகு சொன்ன சுரங்கக் கணக்கு இங்கேயும் வந்து சேர்கிறது. இயற்கையில் குளிர்காலத்தில் ஃபியோர்டுக்கு நன்னீர் குறைவு, ஏனென்றால் மேலே எல்லாம் பனியாகக் கிடக்கும். மின்தேவை குளிர்காலத்தில்தான் அதிகம் என்பதால், நீர்த்தேக்கத்தில் சேர்த்துவைத்த கோடைநீர் அப்போது இறங்குகிறது. நன்னீர்ப் படலம் குளிர்காலத்திலும் கிடந்தால் காற்றில்லாத ஃபியோர்டுக் கைகளில் பனிக்கட்டி எளிதாகப் பிடிக்கும். உப்புநீரைவிட அது விரைவில் உறையும். ஆகவே எயோவின் வாயை மட்டும் தனியே வரையாமல், சிமாடால்ஸ்ஃபியோர்டில் மின்நிலைய நீர் இறங்கும் இடத்தையும் அதே வரைபடத்தில் குறியுங்கள். எயோவுக்குக் கோடை அம்புக்குறி, சிமாவுக்குக் குளிர்கால அம்புக்குறி என்று இரண்டு நிறம் போதும்.